உப்பைக் கழுவாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்: பாய்மரப்படகு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் சென்னை, புதுச்சேரிப் பக்கத்து வாசகர்களுடையவை. நண்பர்கள் கூட்டாகச் சேர்ந்து சிறிய படகு வாங்கி, விடுமுறை நாளில் கடலுக்குப் போகும் வழக்கம் பெருகுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தப் படகுகள் இரண்டே வருடத்தில் கொட்டகை மூலையில் மக்கிக் கிடப்பதைப் பார்த்தால்தான் மனம் பொறுப்பதில்லை.

நாங்கள் நான்கு நண்பர்கள். பழைய லேசர் படகு ஒன்று விலைக்கு வருகிறது. பங்கு போட்டு வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– திருவான்மியூர் வாசகர்

லேசர் ஒருவர் ஓட்டும் படகு. நால்வரில் ஒருவர் கடலில் இருக்க, மற்ற மூவரும் கரையில் காத்திருப்பீர்கள். சேர்ந்து போவதுதான் ஆசை என்றால் எண்டர்பிரைஸ், ஜிபி14 போன்ற இருவர் படகாகத் தேடுங்கள். மாறி மாறி ஓட்டச் சம்மதம் என்றால் லேசர் அருமையான தேர்வு. பெரிய பாய் 7.06 சதுர மீட்டர். உங்களில் எடை குறைந்தவர் பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மாற்றி, ‘ரேடியல்’ எனப்படும் 5.76 சதுர மீட்டர் சிறிய பாயோடு அதே படகை ஓட்டலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் போட்டியிட்டது இந்த ரேடியல் பிரிவில்தான்.

வாங்கும் முன் படகை எடை போடுங்கள். பாய்மரமும் பாயும் இல்லாத வெறும் உடல் சுமார் 59 கிலோ இருக்க வேண்டும். நாலைந்து கிலோ கூடினாலே உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அடுத்து, பாய்மரம் நிற்கும் குழியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடியில் விரிசல் இருக்கிறது. அங்கிருந்துதான் படகு உள்ளுக்குள் நனையும். காற்று பலமாக அடிக்கும் நாளில் பாய்மரம் குழியோடு பிய்ந்து வருவதும் அந்த இடத்தில்தான். இந்தச் சோதனைக்கு விற்பவர் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மேல்தளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அமுங்கினால், அல்லது ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டும்போது மற்ற இடங்களில் ‘டக்’ என்று கேட்கும் ஓசை ஓரிடத்தில் மங்கினால், ஃபைபரும் அதற்குள் இருக்கும் நுரைப்பலகையும் பிரிந்திருக்கின்றன என்று பொருள். வெளிப்பூச்சில் முடிபோல ஓடும் கீறல்களுக்காக விலையைக் குறைக்கலாம், படகை ஒதுக்க வேண்டியதில்லை.

யார் பணம் கட்டுவது, உடைந்தால் யார் சரிசெய்வது, ஒருவர் விலகினால் பங்கை என்ன விலைக்குக் கொடுப்பது என்பதை வாங்கும் அன்றே ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள்.

காலை ஆறு மணிக்கே கூடிவிடுகிறோம். காற்றே இல்லை. அது வரும் நேரத்தில் பாதிப்பேர் கிளம்பிவிடுகிறார்கள்.
– பெசன்ட் நகர் வாசகர்

ஆறு மணிக்குக் கூடுவதை விட்டுவிடுங்கள். மார்ச் முதல் மே வரை நிலம் சூடேறிய பிறகு, முற்பகல் கடைசியிலோ நண்பகலையொட்டியோ தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும். பத்து மணிக்கு வந்து படகைத் தயார் செய்தால் போதும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கதை வேறு, கவனமும் வேறு. அப்போது காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று, அதாவது மேல்காற்று, வீசும்; கடல்காற்று பிற்பகல் வரை தாமதமாகும், சில நாள் வராமலே போகும். மேல்காற்று அடிக்கும்போது கரையோரக் கடல் குளம் போலக் கிடக்கும். அதை நம்பி இறங்காதீர்கள். அந்தக் காற்று உங்களைக் கிழக்கே, ஆழ்கடலை நோக்கித் தள்ளுகிறது. தூரம் போகப் போக அலையும் காற்றும் கூடும், திரும்புவதோ முழுக்க எதிர்காற்றில். துணைக்கு இயந்திரப் படகு இல்லாமல் மேல்காற்றில் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்ற நாட்களில் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று உங்கள் பக்கம் இருக்கும்.

கிளம்பும் முன் இன்காய்ஸ் (இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) வெளியிடும் கடல்நிலை அறிவிப்பைப் பாருங்கள். எப்போது திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

ஒவ்வொரு முறையும் கழுவத்தான் வேண்டுமா?
– புதுச்சேரி வாசகி

ஆம். கடல்நீர் காய்ந்தால் உப்புப் படிகம் கப்பிக்குள்ளும் கயிற்று இழைகளுக்கு நடுவிலும் தங்கி, அடுத்த முறை இழுக்கும்போது ரம்பமாக அறுக்கும். பாய், கயிறு, கப்பி, சுக்கான் கீல்கள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கப்பிக்கு எண்ணெய் விட வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வடிகால் அடைப்பானைக் கழற்றி வைத்துவிட்டு, பாயை நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டுங்கள். நான்கு பேர் நின்றால் அரை மணி நேர வேலை. வெயிலும் உப்பும் கெடுக்கிற அளவுக்கு அலை படகைக் கெடுப்பதில்லை.

பாயில் கரும்புள்ளிகள். பிளீச்சிங் பவுடர் போடலாமா?
– சென்னை வாசகர்

வேண்டாம். மிதமான சோப்பு நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். மிச்சமிருக்கும் கறையால் பாலியஸ்டர் பாய்க்குப் பெரிய கேடில்லை. நைலான் பாயில் பிளீச் பட்டால் துணியே போய்விடும்.

அலுமினியப் பாய்மரத்தில் திருகுகள் இறுகிவிட்டன, சுற்றிலும் வெள்ளைப் பொடி. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்குகம்பியிலும் துருக்கோடு தெரிகிறது.
– எண்ணூர் வாசகர்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி அதுதான். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு விடுங்கள், பிறகு மெல்லச் சூடேற்றித் திருகுங்கள். மீண்டும் பொருத்தும்போது திருகில் லனோலின் கிரீஸ் தடவினால் இரண்டு உலோகமும் நேரடியாகத் தொடாது.

கம்பியில் ஓர் இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கம்பி முழுவதையும் மாற்றிவிட வேண்டும். முனைக்குப்பிக்குள் (கம்பி நுனியை இறுக்கிப் பிடிக்கும் உலோகக் குழல்) நுழையும் இடத்திலிருந்து துரு வழிந்தாலும் அப்படியே, ஏனென்றால் உள்ளே அரித்திருப்பது வெளியே தெரியாது. கம்பி அறுந்தால் பாய்மரம் உங்கள் நண்பரின் தலையில் விழும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

படகு கவிழ்ந்தபோது ஒரு நண்பர் கரைக்கு நீந்தப் பார்த்தார். நீச்சல் தெரியாத இன்னொருவரும் வர ஆசைப்படுகிறார்.
– கோவளம் வாசகர்

கவிழ்ந்த படகை விட்டு யாரும் விலகக் கூடாது. கரை பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுவது கண்ணின் ஏமாற்று. தேடி வருபவர்களுக்குத் தெரிவதும் படகுதான், மனிதத் தலை இல்லை. முதலில் எல்லோரும் இருக்கிறார்களா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாயை இழுக்கும் கயிற்றைத் தளர்த்துங்கள். அணியத்தை (படகின் முன்முனை) காற்றுக்கு எதிராகத் திருப்பிய பிறகு, ஒருவர் சென்டர்போர்டின் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை) மேல் ஏறி நின்று சாய வேண்டும். இன்னொருவர் உள்பக்கம் ஒட்டி மிதந்தால், நிமிரும் படகே அவரை அள்ளிக்கொள்ளும். இதை ஒரு அமைதியான நாளில், கரையோரம் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள்.

நீச்சல் தெரியாதவர் முதலில் நீந்தக் கற்றுக்கொண்டு வரட்டும். 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) மிதவைச் சட்டை நீந்தத் தெரிந்தவருக்கானது. மயங்கியவரின் முகத்தை அது மேலே திருப்பாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை படகை எப்படி வைப்பது?
– சென்னை வாசகர்

பாய்மரத்தை இறக்கிப் படுக்கவையுங்கள். உடலைக் கவிழ்த்து, பழைய டயர்களின் மேல் வையுங்கள். கவிழ்க்க முடியாத படகு என்றால் பின்பக்கம் தாழ்ந்திருக்க, வடிகால் திறந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் மழைநீர் ஒரு கிலோ. நிரம்பினால், படகு நிற்கும் தள்ளுவண்டி அதன் அடியை நெரித்துவிடும். உள்ளறை மூடிகளைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். தள்ளுவண்டியோடு கட்டினால் போதாது, தரையில் அடித்த இரும்பு முளையோடு கட்டுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் வார்தா புயல் மரங்களை எப்படிப் பெயர்த்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியபின் போய்க் கட்டலாம் என்று இருக்காதீர்கள், அக்டோபர் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.