நன்றிக்குறிப்பேடும் ஏழரை மணிச் சிற்றுண்டியும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். வயது 36. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். சென்ற ஆண்டு வேலை அழுத்தத்தில் மனம் மிகவும் சோர்ந்திருந்தபோது, நண்பர் ஒருவரின் யோசனைப்படி என் காலைப்பொழுதை மாற்றியமைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு எழுந்து குளிர்ந்த நீரில் குளிப்பேன். பிறகு இருபது நிமிடம் தியானம், நாற்பது நிமிடம் நடை, அரைமணி நேரம் வாசிப்பு. ஏழு மணிக்கு மேல் நன்றிக்குறிப்பேட்டில், நான் நன்றி சொல்ல விரும்பும் ஐந்து விஷயங்களை எழுதுவேன். ஏழரைக்குள் சிற்றுண்டி தயாராகிவிடும். தொடக்கத்தில் இது பெரும் உற்சாகம் தந்தது. சில மாதங்களாகக் கை ஓடவில்லை. விடியல், சூடான காபி, உடல்நலம், மகனின் சிரிப்பு, பிரபஞ்சம் என்று நேற்று எழுதியதையே இன்றும் எழுதுகிறேன். அன்றாட வாழ்வில் ஊக்கத்தை எங்கிருந்து பெறுவது? எழுத்தாளர்களாகிய நீங்கள் எப்படிப் பெறுகிறீர்கள்? தன்னைப் பேணிக்கொள்வது சுயநலமா என்ற குழப்பமும் எனக்கு உண்டு. வாசிக்கச் சில நூல்களையும் பரிந்துரைத்தால் மகிழ்வேன்.

அன்புடன்,
ம., கோவை

அன்புள்ள ம.,

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு வழக்கமாக இரண்டு வரியில் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவேன். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி அமையவில்லை. நம் நாட்டு மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த கணக்கைச் சில நாட்களாகப் புரட்டிக்கொண்டு, அதைப் பற்றி யாரிடமாவது சண்டை போட வேண்டும் என்ற மனநிலையில் இருந்தேன். நீங்களாக வந்து அகப்பட்டுக்கொண்டீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சோர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் மனம் களைத்துப்போகும் அளவுக்கு வேலை வாங்கும் ஓர் உலகத்தில், படுக்கையில் அலைபேசியோடு உருண்டுகிடக்காமல் எழுந்து நடக்கப் போனீர்களே, அதற்காக உங்கள் முதுகில் தட்டிக்கொடுக்கத்தான் தோன்றுகிறது. சோர்வு மறுபடியும் அந்த அளவுக்குப் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், எனக்கு எழுதாமல் நல்ல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். குளிர்ந்த நீர்க் குளியலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கோவையின் மார்கழியில் அதைச் செய்கிறவரை வணங்கத்தான் முடியும். பிரபஞ்சத்துக்கு நன்றி சொல்வதையும் விட்டுவிடுகிறேன், சொல்லாவிட்டால் அது கோபித்துக்கொள்ளப் போவதில்லை. எழுத்தாளருக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், ‘கட்டுரையை என்றைக்குத் தருவீர்கள்’ என்று பத்திரிகையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பிலிருந்து வருகிறது. இதற்கு மேல் அதில் ரகசியம் கிடையாது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. குளியல் நீங்கள் குளித்தது, தியானம் நீங்கள் செய்தது, நடை நீங்கள் நடந்தது, இருபது நிமிடம், நாற்பது நிமிடம், அரைமணி நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. சிற்றுண்டி மட்டும் ஏழரைக்குள் தயாராகிவிடுகிறது. யார் தயாரித்தார்? முந்தைய நாள் மாலை பள்ளியிலிருந்து வந்ததும் அரிசியையும் உளுந்தையும் களைந்து ஊறவைத்தது யார்? இரவு எல்லோரும் உண்டு முடித்த பிறகு மாவரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, பொங்கி வழியாத பாத்திரமாகப் பார்த்து ஊற்றி மூடிவைத்துவிட்டுப் படுத்தது யார்? காலையில் தேங்காயைத் துருவிச் சட்னி அரைத்துத் தாளித்து, மகனின் தண்ணீர்ப் புட்டியையும் மதிய உணவு டப்பாவையும் நிரப்பி, அவனை எழுப்பிப் பல்துலக்கவைத்து, இவ்வளவுக்கும் நடுவில் தானும் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போட ஓடுகிறவர் யார்? சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் அந்த அம்மாளின் பெயராவது உங்கள் ஐந்தில் ஒன்றாக இருந்திருக்க வேண்டுமே! சூடான காபிக்கு நன்றி எழுதுகிறீர்கள். அந்தக் காபி உங்கள் மேசைமீது விடியலைப் போலத் தானாக உதிப்பதில்லை, ஐயா.

நான் சொன்ன கணக்கு இதுதான். ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டதாகவும், ஈடுபடும் ஆண் 97 நிமிடம் செலவிட்டதாகவும் 2019-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு சொல்கிறது. இது வேலையைத் தொட்டவர்களின் சராசரி என்பதைக் கவனியுங்கள். அந்த வேலையைத் தொட்டவர்களோ, பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர்தான். 2024-இல் மறுபடியும் எடுத்தபோது பெண்களின் நேரம் பத்து நிமிடம் குறைந்து 289 ஆகியிருந்தது. சரி, நாடு முன்னேறுகிறது என்று மகிழ்ந்து அடுத்த வரிக்குப் போனால், ஆண்களின் நேரமும் ஒன்பது நிமிடம் குறைந்து 88-இல் நிற்கிறது. அந்த ஒன்பது நிமிடத்தைத் தியானத்துக்கு எடுத்துக்கொண்டார்களோ என்னவோ.

உங்கள் குறிப்பேட்டுப் பழக்கத்தின் மீது எனக்குப் பகை கிடையாது. மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதுபோன்ற பயிற்சிகளைச் சோதித்து 2005-இல் எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. அவர்கள் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, ஒரு வாரம் ஒவ்வோர் இரவும் அன்றைக்கு நல்லபடியாக நடந்த மூன்றை எழுதவேண்டும் என்பது. எழுதினால் மட்டும் போதாது. அது ஏன் நடந்தது என்ற காரணத்தையும் பக்கத்தில் எழுதவேண்டும். அப்படி எழுதியவர்களின் மனமகிழ்ச்சி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் கூடியே இருந்தது. ஊர் ஊராகக் கைமாறி உங்கள் நண்பர் மூலம் உங்களிடம் வந்து சேர்வதற்குள், காரணம் எழுதும் அந்தப் பாதி எங்கோ உதிர்ந்துவிட்டது. காரணத்தை எழுதிப் பாருங்கள், கை தானாக ஓடும். ‘காபி சூடாக இருந்தது, ஏனென்றால்’ என்று தொடங்கிவிட்டால் அந்த வாக்கியத்தை ஒரு மனிதரின் பெயரைச் சொல்லாமல் உங்களால் முடிக்க இயலாது. ‘மகன் சிரித்தான், ஏனென்றால்’ என்று எழுதினால் அவனை யார் எதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார் என்று அடுத்த அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். நீங்களோ பொருள்களை எழுதுகிறீர்கள். பொருள்கள் நாள்தோறும் அவையேதான், அலுக்காமல் என்ன செய்யும்?

தன்னைப் பேணிக்கொள்வது சுயநலமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு என் பெரியம்மாவின் நினைவு வந்துவிடுகிறது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கூட்டுக்குடும்பத்தில், பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எண்ணெய் தேய்த்துவிடுவது அவருடைய பொறுப்பு. ஆண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை, எங்களுக்கு வெள்ளிக்கிழமை. இரும்புக் கரண்டியில் செக்கு நல்லெண்ணெயை ஊற்றி, நாலைந்து மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு, மிளகு வெடிக்கும்வரை காய்ச்சி, ஆறியும் ஆறாததுமாக உச்சந்தலையில் வைத்து அறைவார். தொப்புளில் ஒரு துளி, குதிகாலில் ஒரு துளி. வடிகஞ்சியில் கரைத்த சீயக்காய் கண்ணில் இறங்கும்போது நாங்கள் போட்ட கூச்சல் ஆற்றங்கரைவரை கேட்டிருக்கும். குளித்து வந்ததும் தூபக்காலில் தணல் போட்டுச் சாம்பிராணியைத் தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அந்தக் கூடையின்மீது எங்கள் தலைமுடியை விரித்துக் காயவைப்பார். மதியம் மிளகு ரசம். பகலில் கண்ணயர்ந்தால் வந்து உலுக்கிவிடுவார். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழியை அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். ‘சனி நீராடு’ என்று இரண்டே சொல்லில் ஔவை முடித்துவிட்டார்; முதுகுக்கு யார் தேய்ப்பது என்பதை அவர் சொல்லவில்லை.

பெரியம்மாவின் முறை செவ்வாய்க்கிழமை. எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார், பெரியம்மா அவரை மதினி என்று கூப்பிடுவார். அன்று காலை அந்த மதினி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்ததும் பின்கட்டுக் கதவு உள்ளேயிருந்து தாழிடப்படும். ஒருவர் முதுகுக்கு மற்றவர் தேய்த்து, ஒருவர் தலையை மற்றவர் அலசி, உச்சிப்பொழுது ஆகும்வரை அவர்கள் வெளியே வரமாட்டார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். அன்றைக்கு வீட்டில் புதிதாகச் சமையல் கிடையாது. பழைய சோறும் முந்தின நாள் குழம்பைச் சுண்டவைத்ததும்தான் எல்லோருக்கும். ஒருமுறை பெரியப்பா காபி கேட்டு என்னைத் தூதனுப்பினார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: “வெந்நி அடுப்புல கெடக்கு, காப்பித்தூள் டப்பாவுல கெடக்கு. கை எங்க கெடக்குன்னு ஒங்க பெரியப்பாவத் தேடிப் பாக்கச் சொல்லு.” நான் அதை ஓர் எழுத்துக் குறையாமல் போய் ஒப்பித்தேன். பெரியப்பா அன்று காபி குடிக்கவில்லை, ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து கேட்கவும் இல்லை.

பெரியம்மா ஆண்டு முழுவதும் அந்த வீட்டுக்கு உழைத்தவர். வாரத்தில் அரைநாள் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டதை எவரும் சுயநலம் என்று சொல்லவில்லை. அதைத் தனக்காகப் பாடுபடும் ஒருத்தியின் முதுகை வழித்துக்கொண்டே செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கதவு தாழிட்டிருக்கும் நேரத்துக்கான விலையைப் பழைய சோறு தின்று நாங்கள் எல்லோரும் கொடுத்தோம். கொடுக்கிறோம் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. உங்களுடைய இரண்டரை மணி நேரத்துக்கும் ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் கொடுப்பது உங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் கோபம். நீங்கள் தியானம் செய்வது தவறில்லை, தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் அவருடைய கதவு என்றைக்குத் தாழிடப்படுகிறது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

வாரத்தில் மூன்று நாளாவது ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை அடுக்களையை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். ‘உதவி செய்ய வந்தேன்’ என்று சொல்லிக்கொண்டு நுழையாதீர்கள், ‘உப்பு எங்கே இருக்கிறது’ என்று பத்துத் தடவை கேட்டு அவரை எழுப்பாதீர்கள். அந்த நேரத்தில் அவர் தூங்கலாம், சும்மா உட்கார்ந்து அலைபேசியைப் பார்க்கலாம். தியானம் செய்யேன் என்று அவருக்கு யோசனை சொல்லக் கூடாது. பிறந்தநாள் பரிசாக ஒரு நன்றிக்குறிப்பேட்டை வாங்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். தோசை கருகினால் கருகிய தோசையை மூவரும் சாப்பிடுங்கள்.

நூல்கள் கேட்டிருந்தீர்கள். உளுந்து எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், உங்கள் வீட்டில் அது எந்த டப்பாவில் இருக்கிறது என்ற இரண்டையும் யாரிடமும் கேட்காமல் அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். நூல்களின் பெயரை அப்போது சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா என்று நீங்கள் அழைத்தவள்