மகள் நர்சிங் சேரட்டுமா? தயங்கும் ஒரு தாய்க்கு

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகள் பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள், கொரோனா நேரத்தில் செவிலியர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது.

அந்த நாட்களில் உடல் முழுவதையும் மூடும் பாதுகாப்பு உடையான பிபிஇ கிட்டைப் போட்டால் ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ கழற்ற முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது, மாதவிடாய் நாட்களிலும் அதே நிலைதான். டியூட்டி முடிந்தாலும் வீட்டுக்குப் போகாமல் விடுதி அறையில் தனித்திருந்து, பிள்ளையை வீடியோ அழைப்பில் மட்டும் பார்த்த தாய்மார்கள் எத்தனையோ பேர்.

ஆனால் நோயை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் லினி, நிபா வைரஸ் தொற்றி இறந்தார். அவர் கவனித்த நோயாளிக்கு வந்திருப்பது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. புது நோய் ஒன்று வந்தால், அதற்குப் பெயர் தெரிவதற்கு முந்தைய நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அந்த நாட்களில் செவிலியரைக் காப்பது, சாதாரண நாளிலேயே கையுறை, முகக்கவசம், கை கழுவும் முறை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் வார்டுதான். மகள் அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி பெற வேண்டும். ஆகவே கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அதற்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, படுக்கைகளில் உண்மையில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் அங்கீகாரத்தையும் சரிபாருங்கள்.

அடுத்தது வேலை உத்தரவு: நிரந்தரமா, தற்காலிகமா? என்னிடம் வரும் பெற்றோர் அதிகம் கேட்காதது இதைத்தான். 2020இல் கொரோனா பணிக்கென்று தமிழகத்தில் எம்ஆர்பி எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தற்காலிகமாக எடுக்கப்பட்ட செவிலியர்களில் 2,000க்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31க்குப் பிறகு பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்தவர்கள் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. கொரோனா பணியில் இறந்தால் 50 லட்சம் ரூபாய் என்று 2020இல் மத்திய அரசு அறிவித்த காப்பீட்டில் ஒப்பந்தப் பணியாளர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஆனால் உயிரோடு இருப்பவருக்கு வேண்டியது நிரந்தர வேலையும் சம்பளமும் அல்லவா?

தனியாரில் சேர்ந்தால், 2016இல் மத்திய அரசின் நிபுணர் குழு பரிந்துரைத்ததை நினைவில் வையுங்கள்: 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பல இடங்களில் இதைக் கொடுப்பதில்லை. நேர்காணலில் மகள் கூச்சப்படாமல் கேட்கட்டும்: நைட் டியூட்டியில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்? தொற்று வந்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டா? அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அங்கே சேர வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கொரோனா வார்டில் இருந்த செவிலியர் ஒருவர் உங்கள் ஊரிலேயே இருப்பார். மகளை அழைத்துப்போய் ஒரு மணி நேரம் அவரோடு பேச விடுங்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள். அதன் பிறகும் அவள் நர்சிங்தான் என்றால், எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலை மூவரும் சேர்ந்து பார்ப்போம்.