மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப்புல்: கேள்வி பதில்

உசிலம்பட்டி: அண்ணே, போன தை மாதம் உருவிய விதையை மாசியிலேயே தூவி, தண்ணீரும் விட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை சொத்தையா?

விதையில் குறை இருக்காது தம்பி. கொழுக்கட்டைப்புல் என்ற இந்தத் தீவனப்புல்லின் விதைக்கு 6 முதல் 8 மாதம் உறக்கம் உண்டு, அதுவரை முளைக்காது. தையில் உருவியதை நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டி வைத்துப் புரட்டாசியில் எடுத்தால் கணக்குச் சரியாக வரும். ஐப்பசி மழையும் கூடவே வந்துவிடும். அடுத்த தவறு ஆழம். 1 செ.மீ.க்குக் கீழே போனால் முளை மேலே வராது. விதைத்த பின் கலப்பை வேண்டாம், முள்கொப்பை இழுத்துவிட்டாலே போதும். சுணை இருப்பதால் விதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஈர மணலில் பிசறித் தூவுங்கள். ஏக்கருக்கு இரண்டரை முதல் 3 கிலோ. வரிசையாக விதைத்தால் 50 செ.மீ. இடைவெளி, செடிக்குச் செடி 30 செ.மீ.

கள்ளிக்குடி: எங்களது கரிசல். வருமா?

தண்ணீர் தேங்கும் இடத்தில் அழுகிப்போகும். வடிகால் உள்ள மேட்டிலும் வரப்பிலும் போடுங்கள், பள்ளத்துக்குச் சோளமே மேல். சுண்ணாம்புச் சத்துள்ள செம்மண், சரளை நிலம்தான் இதற்குத் தோது.

மேலூர்: முயல்மசால் கலக்கலாமா ஐயா?

கட்டாயம் கலக்கலாம். புல்லில் புரதம் குறைவு, பயறுவகைத் தீவனச் செடியான மசால் அதை ஈடுகட்டும். 3 வரிசை புல்லுக்கு 1 வரிசை மசால். மசால் விதையின் தோல் கெட்டி என்பதால், 80 டிகிரி சூட்டு நீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள்.

பேரையூர்: 40 நாளில் பச்சை கட்டிவிட்டது. ஆட்டை விடலாமா?

விடாதீர்கள்! வேர் பிடிக்காத நாற்றை ஆடு கடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். 70, 75 நாளில் முதல் அறுப்பு எடுங்கள், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு. தூரில்தான் மறுதழைவுக்கான சத்து இருக்கிறது; ஒட்ட அறுப்பவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே தோட்டத்தை இழக்கிறார்கள். முதல் ஆண்டு அறுத்துப் போடுவதே நல்லது. பிறகு நிலத்தை நான்காகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய்க்கலாம். கதிர் வரும் முன்பே அறுங்கள், முற்றினால் தண்டு நார் ஏறி ஆடு ஒதுக்கும்.

திருமங்கலம்: சித்திரையில் காய்ந்துவிட்டது. உழுதுவிடவா?

வேண்டாம், தீயும் வைக்க வேண்டாம். மேலே சருகானாலும் தூர் உயிரோடு இருக்கும், கோடைமழை ஒன்று இறங்கினால் துளிர்க்கும். நடுவே சொட்டை விழுந்த இடத்தை மட்டும், நல்ல தூரைப் பிரித்து, வேரோடு ஐப்பசியில் நட்டு நிரப்புங்கள்.