வாசகர் கேள்வி பதில்: பாட்டி பின்னி வச்சதை என்ன பண்றது?

ரெண்டு இதழ் முன்னாடி குரோஷா விரிப்பு (கொக்கி ஊசியால நூல் பின்னி செய்யறது) பத்தி ஒரு சின்ன கேள்விக்கு பதில் சொன்னேன், அவ்வளவுதான், அதுக்கப்புறம் வர்ற கடிதமெல்லாம் பாட்டி பாட்டினே வருது. சரி, இந்த தடவை பக்கம் முழுக்க அவங்களுக்கே. கேள்வி ஒவ்வொண்ணும் வேற வேற வாசகர் எழுதினது, அதுக்குக் கீழ என் பதில்.

எங்க பாட்டி 94 வயசுல போய்ட்டாங்க. ஆறு பிள்ளைங்க, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் வரைக்கும் பாத்தவங்க. ஒரு பெட்டி நிறைய குரோஷா, எம்பிராய்டரி, கம்பளி சால்வை எல்லாம் இருக்கு. அம்மா "யாரும் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்"ங்கறாங்க. சித்தி "போடறதுக்குத்தானே பின்னினாங்க, எடுத்து பயன்படுத்துங்க"ங்கறாங்க. யார் சொல்றது சரி?

நான் சித்தி கட்சி. ஆனா பெட்டியில இருக்கற எல்லாத்துக்கும் இல்ல. தடிமனான பருத்தி நூல்ல போட்ட விரிப்பு, கம்பளி சால்வை இதெல்லாம் உழைக்கறதுக்குன்னே செஞ்சது, எடுத்து போடுங்க, போத்திக்கோங்க. பட்டு நூல் எம்பிராய்டரி, நூல் இத்துப்போன துணி, அவங்க சின்ன வயசுல தச்ச முதல் துணி மாதிரி இன்னொண்ணு கிடைக்காத ஐட்டம், இதை மட்டும் பத்திரப்படுத்துங்க. அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும், பெட்டிக்குள்ள பூட்டி வச்சா பத்திரம்ங்கறது பாதிதான் உண்மை. மரப்பெட்டியில இருந்து வர்ற அமிலம் துணியை மஞ்சளாக்கும், பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளயே பிடிச்சு வச்சுக்கும், வருஷக்கணக்கா ஒரே மடிப்புல கிடந்தா அந்த மடிப்பு ஓரமாவே இழை அறுந்துடும். அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பர் வச்சு உருளை மாதிரி சுத்தி வைக்கறது நல்லது. அதுக்கு வசதி இல்லன்னா துவைச்ச வெள்ளை பருத்தித் துணியில சுத்தி, அப்பப்ப பிரிச்சு மடிப்பை மாத்தி வைங்க.

துவைக்கறதுக்கு முன்னாடி சாயம் டெஸ்ட் பண்ணுங்க, இதை விட்டுட்டு அழறவங்க ஜாஸ்தி. நனைச்ச வெள்ளைத் துணியை பின்பக்கம் ஒவ்வொரு கலர் மேலயும் அழுத்திப் பாருங்க, கலர் ஒட்டுச்சுன்னா தண்ணிய விட்டு தள்ளியே வைங்க. ஒட்டலன்னா குளிர்ந்த தண்ணி, மென்மையான சோப்பு, ஊற வைக்கறது மட்டும்தான், கசக்கக் கூடாது, முறுக்கிப் பிழியவே கூடாது. ஈரத்தோட தூக்கும்போது அடியில ஒரு துண்டைக் கொடுத்து மொத்தமா தூக்குங்க, இல்லன்னா அதோட எடையே அதைக் கிழிச்சுடும். குளோரின் பிளீச்சை கம்பளி, பட்டு பக்கமே கொண்டு போகாதீங்க, அது இழையையே கரைக்கும். அயர்ன் பண்றதா இருந்தா டவல் மேல குப்புறப் போட்டு பின்பக்கமா பண்ணுங்க, தையல் நசுங்காம எழும்பி நிக்கும்.

பாட்டிக்கு 88 வயசு. கண்ணும் சரியில்ல, விரல் மூட்டு வீங்கிப் போச்சு, ஆனா ஊசிய விட மாட்டேங்கறாங்க. நாங்க திட்டறோம். நிறுத்தச் சொல்றது தப்பா?

தப்புதான். கொஞ்சம் கோவத்தோடயே சொல்றேன், எழுவது வருஷமா அந்தக் கை செஞ்ச வேலைய "ரெஸ்ட் எடுங்க"ன்னு ஒரு வார்த்தையில பிடுங்கறது பாசத்துல சேராது. முதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, புரையா இருந்தா அதுக்கு வழி இருக்கு. அப்புறம் வேலைய அவங்க அளவுக்கு மாத்துங்க. கட்டம் போட்ட துணியில X மாதிரி தைக்கற கிராஸ் ஸ்டிச்சுக்கு 14 கவுண்ட் துணி, அதாவது ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம், கஷ்டமா இருந்தா 8 கவுண்ட் வாங்கிக் கொடுங்க, கட்டம் கிட்டத்தட்ட டபுள் சைஸ். குரோஷான்னா தடிமனான நூல், பெரிய ஊசி, பிடி குண்டா இருக்கறது. நிட்டிங்னா நீளக் குச்சிக்கு பதிலா வட்ட ஊசி, அதாவது ரெண்டு சின்னக் குச்சிய வளையற கம்பியால சேர்த்தது, பின்னின துணியோட எடை மணிக்கட்டுல விழாம மடியில உக்காந்துக்கும். வெளிச்சம் தோள் பக்கமா வரணும், கருப்பு நூல்ல கருப்புத் துணி வேண்டவே வேண்டாம். பத்து ஊசியில நூல் கோத்து பஞ்சுல குத்தி வச்சுட்டு ஆபீஸ் போங்க, திட்டறதுக்கு ஆகற நேரம்கூட ஆகாது. வலி வந்தா நிறுத்தணும், அது மட்டும் கண்டிஷன்.

அப்படியும் முடியலன்னா? அமெரிக்காவுல அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ்னு ஒரு பாட்டி, 1860ல பிறந்தவங்க, பண்ணை வேலை, பத்து பிரசவம், அதுல தங்கினது அஞ்சு பிள்ளைங்க. வயசான காலத்துல கம்பளி நூல்ல படம் படமா எம்பிராய்டரி பண்ணிட்டு இருந்தாங்க, மூட்டுவாதத்தால ஊசி பிடிக்க முடியாம போனதும், தங்கச்சி சொல்லி, தூரிகைய எடுத்தாங்க, அப்ப வயசு எழுபதுக்கு மேல. 1940ல நியூயார்க்ல தனிக் கண்காட்சி நடந்துச்சு, கிராண்ட்மா மோசஸ்னா உலகத்துக்கே தெரிஞ்சுது, 1961ல போனப்ப வயசு 101. உங்க பாட்டியும் புகழ் வாங்கணும்னு சொல்ல வரல. கைக்கு வேற வேலை மாத்திக் கொடுக்கலாம், சும்மா இருக்கச் சொல்லாதீங்க.

அந்தக் காலத்துல பொம்பளைங்களுக்கு வேற வழி இல்ல, அதனால தச்சாங்க. அதைப் போய் கலை, தியாகம்னு ஏத்தி விடறீங்களே?

நல்ல கேள்வி. தியாகம்ங்கற வார்த்தை எனக்கும் பிடிக்காது. படிக்க அனுப்பாம ஊசியக் கையில கொடுத்து உக்கார வச்ச வீடுங்க நிறைய இருந்துச்சு, இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா அதே ஊசிய வச்சு அவங்க என்ன பண்ணாங்கன்னும் பாக்கணும்ல? சிலியில 1973ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சதுக்கு அப்புறம், காணாமப் போனவங்களோட அம்மாக்கள், மனைவிங்க, பழைய துணித் துண்டை சாக்குத் துணி மேல தச்சு நடந்ததை எல்லாம் படமா ஆக்கினாங்க, அர்பியேரான்னு பேரு, அது வெளிநாடு வரைக்கும் போச்சு.

வீட்டுக் கணக்குக்கே வாங்க. 14 கவுண்ட் துணியில ஒரு சதுர அங்குலத்துக்கு 196 கிராஸ். பத்துக்குப் பத்து அங்குலம் முழுக்க நிரப்பினா 19,600. ஒவ்வொரு கிராஸுக்கும் ரெண்டு சாய்வுத் தையல். இதை பிள்ளைக்கு ஜுரம், மாமியாருக்கு கஞ்சி, விருந்தாளிக்கு காபின்னு எழுந்து எழுந்து போயிட்டு வந்து செஞ்சாங்க, அதுக்கு யாரும் சம்பளம் கொடுக்கல, இன்னிக்கும் நாம அதை பொழுதுபோக்குன்னுதான் எழுதறோம். நிட்டிங்குக்கு 1589லயே வில்லியம் லீன்னு ஒருத்தர் காலுறை பின்ற மெஷின் செஞ்சுட்டார், நிஜமான குரோஷாவுக்கு அப்படி பரவலா ஒரு மெஷின் இன்னும் இல்ல, அது இன்னிக்கும் கை வேலைதான். கட்டாயம் பாதி, சந்தோஷம் பாதினு இருக்கலாம், உங்க வீட்டுப் பாட்டிக்கு எது எவ்வளவுன்னு நானோ நீங்களோ முடிவு பண்ண முடியாது, உயிரோட இருந்தா அவங்ககிட்டயே கேளுங்க.

பாட்டியோட 90வது பிறந்தநாளுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்காங்க. "அன்பானவர், கைவேலையில் ஆர்வம் உள்ளவர்" தாண்டி ஒண்ணும் வரல.

வராது, ஏன்னா அந்த ரெண்டு வரி எல்லா பாட்டிக்கும் பொருந்தும். "உங்க வாழ்க்கையைப் பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டா "என்னத்த சொல்ல, பிள்ளைங்களை வளத்தேன்"னு முடிச்சுடுவாங்க. துணியக் கையில கொடுத்து கேளுங்க. இது எப்ப போட்டது, யாருக்கு, அப்ப வயித்துல யார் இருந்தா, நூல் யார் வாங்கிக் கொடுத்தா, இந்த டிசைன் யாரைப் பாத்து கத்துக்கிட்டது, இங்க கலர் ஏன் மாறுது. கலர் மாறின இடத்துல கண்டிப்பா ஒரு கதை இருக்கும், காசு இல்லாம போயிருக்கும், இல்ல யாரோ போய்ச் சேர்ந்திருப்பாங்க. அவங்க பேசப் பேச ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. துணிய முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் போட்டோ எடுங்க, பின்பக்கத்துலதான் அவங்க எப்படி முடிச்சு போடுவாங்க, நூலை எப்படி மிச்சம் பிடிச்சாங்கன்னு தெரியும்.

இன்னொரு வேலையும் இருக்கு. எல்லாருமே இதைப் பண்ணணும்னு நான் ஆசைப்படறேன். சின்ன பருத்தி நாடாவுல அவங்க பேர், வருஷம், யாருக்காக செஞ்சது, மூணையும் எழுதி துணி ஓரத்துல ரெண்டு தையல் போட்டு வச்சுடுங்க, பசை வேண்டாம், கறை பிடிக்கும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல 1598னு தேதி போட்ட ஒரு சாம்ப்ளர், அதாவது தையல் வகைகளை மாதிரிக்குத் தச்சுப் பாத்த துணி, இருக்கு, ஜேன் பாஸ்டாக்னு செஞ்சவங்க பேரும், 1596 நவம்பர் 23ல ஆலிஸ் லீங்கற குழந்தை பிறந்த சேதியும் அதுலயே தச்சிருக்கு. நானூறு வருஷம் கழிச்சும் அந்த ரெண்டு பேரையும் நாம சொல்றோம்னா அந்த எழுத்தாலதான். உங்க பாட்டி துணியில பேர் இல்லன்னா ரெண்டு தலைமுறையில அது "யாரோ செஞ்ச பழைய விரிப்பு" ஆயிடும்.

பாட்டி பாதியில விட்டுட்டுப் போன கம்பளிப் போர்வைய நான் முடிக்கலாமா? என் கை அவங்க கை மாதிரி வராதே.

முடிங்க. வராதுதான், ஒவ்வொருத்தர் இழுக்கற இழுப்பு வேற. முதல்ல தனியா ஒரு சின்னத் துண்டு பின்னி அவங்க துண்டோட பக்கத்துல வச்சு ஒரே அகலத்துல எத்தனை கண்ணி வருதுன்னு எண்ணுங்க, உங்களுது ஜாஸ்தி வந்தா பெரிய ஊசி, கம்மியா வந்தா சின்ன ஊசி. அவங்க கடைசி வரிசைய ஒரு பளிச்னு இருக்கற நூல்ல கோத்து வச்சுடுங்க, தப்பா போனாலும் அதுக்குக் கீழ பிரியாது. அதே சாயத் தொகுதி நூல், அதாவது அதே தடவையில ஒண்ணா சாயம் போட்ட நூல், இனிமே கிடைக்காது, தேடி அலையாதீங்க. வேற கலர்லயே தொடருங்க, எங்க அவங்க நிறுத்தினாங்க எங்க நீங்க ஆரம்பிச்சீங்கன்னு தெரியட்டுமே.

சால்வையில பொடி ஓட்டை. பூச்சியா?

கம்பளியா இருந்தா அந்துப்பூச்சியோட புழுவா இருக்கத்தான் சான்ஸ் ஜாஸ்தி. சுத்தமான பருத்திய அது பெருசா சீண்டாது, கம்பளி, பட்டுதான் குறி. காத்துப் போகாத பைல போட்டு மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் உடனே பையைத் திறக்காதீங்க, குளிர் முழுசா போகட்டும், இல்லன்னா துணி மேல தண்ணி கோத்துக்கும். மத்த கம்பளித் துணியையும் அதே நாள்ல எடுத்து உதறிப் பாருங்க, ஒண்ணுல இருந்தா பக்கத்துலயும் இருக்கும்.