அமெரிக்காவின் கிழக்கே உள்ள அப்பலாச்சிய மலைப் பாட்டைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது?

நான்கு வகுப்புகள், அட்டையில் செய்த டல்சிமர் (மடியில் வைத்து மீட்டும் தந்தி வாத்தியம்) பத்து, இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. இவை காதால் வாங்கி வாயால் கொடுத்த பாட்டுகள். முதல் வகுப்பில் வாத்தியமே வேண்டாம். 'பார்பரா ஆலன்' என்ற பழைய கதைப்பாட்டை நீங்கள் ஒரு வரி பாட, அவர்கள் அதைத் திருப்பிப் பாடட்டும். கிடார் வைக்காதீர்கள். கதைப்பாட்டுகளைப் பெரும்பாலும் துணையில்லாமல்தான் பாடினார்கள். கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) போட்டால் இழுத்து நிற்கும் இடமெல்லாம் தாளத்துக்குள் அடங்கிப்போகும்.

அடுத்து டல்சிமர். கர்நாடக இசை தெரிந்தவருக்கு இது சுலபம். மேற்கத்திய சுரப்பெயரில் கனமான தந்தி டி, நடுத்தந்தி ஏ. அதாவது ஸட்ஜமும் பஞ்சமமும், தம்பூரா மாதிரி விடாமல் ஒலிக்கும். மெட்டு வாசிக்கும் தந்தியையும் அதே ஏ-வில் வையுங்கள், இதுதான் டி-ஏ-ஏ. மூன்றாம் ஃப்ரெட்டில் (தந்திக்கு அடியில் உள்ள குறுக்குக் கம்பி) ஸட்ஜம், அங்கிருந்து பத்தாவது வரை சங்கராபரணம். அதையே மேல் டி-க்கு ஏற்றினால் (இது டி-ஏ-டி) வெறுந்தந்தியே ஸட்ஜம், ஆனால் வருவது ஹரிகாம்போதி. பாதிக் குழப்பம் இங்கேதான். டி-ஏ-ஏவுக்கு எழுதிய ஃப்ரெட் எண்களை டி-ஏ-டியில் வாசித்தால் மெட்டு சரியாகவே கேட்கும், சுருதியோடு மட்டும் ஒட்டாது. ஸட்ஜம் மத்திமத்தில் போய் உட்கார்ந்திருக்கும். பிள்ளையின் காதைக் குறை சொல்லாமல் முதலில் தந்தியைப் பாருங்கள். ஆறரை என்ற கூடுதல் ஃப்ரெட் இருந்தால் அதில் ஒரு பொட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அதை ஏழு என்று எண்ணிவிடுவார்கள்.

இப்போது எல்லோரும் டி-ஏ-டிதானே வைக்கிறார்கள் என்று சிலர் சண்டைக்கு வரலாம். வைக்கட்டும். ஒற்றைத் தந்தியில் குச்சியை நகர்த்தி வாசிக்கும் பழைய முறைக்கு டி-ஏ-ஏ தோதானது. குச்சியை ஃப்ரெட்டின் மேலேயே வைக்காமல் சற்று இடப்பக்கம் அழுத்த வேண்டும். தள்ளிப்போனால் தந்தி இரையும், பக்கவாட்டில் தள்ளினால் சுருதி ஏறும். வலக்கை 'தா – தக, தா – தக', ஒரு நெடில் இரண்டு குறில். அட்டை உடல் இழுவைக்கு வளைந்துகொடுக்கும், அதனால் பத்து நிமிஷம் கழித்து மறுபடி சுருதி சேருங்கள்.

வரலாறு சொல்லும்போது 'கலப்பில்லாத பிரிட்டிஷ் பாட்டு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த எண்ணத்தைப் பரப்பியவர்களில் இங்கிலாந்து நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் முக்கியமானவர். 1916 முதல் 1918 வரை அந்த மலைகளில் அலைந்து அரிய சேகரிப்பைக் கொடுத்தார். ஆனால் அவர் தேடியது இங்கிலாந்தின் பழைய பாட்டைத்தான், கறுப்பினத்தவரின் இசையை அநேகமாக விட்டுவிட்டார். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கியது. டல்சிமரின் மூதாதை ஜெர்மானியரின் ஷைட்ஹோல்ட் என்ற தந்தி வாத்தியம். கார்ட்டர் குடும்பம் என்ற புகழ்பெற்ற பாட்டுக்குழுவின் ஏ. பி. கார்ட்டர் பாட்டுத் தேடிப் போனபோது, கூடவே போய் மெட்டுகளை மனதில் வாங்கிவந்த லெஸ்லி ரிடில் ஒரு கறுப்பினக் கிடார் கலைஞர். இந்தப் பெயரைப் பிள்ளைகள் அவசியம் கேட்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுவிழாவில் இந்தப் பாட்டு என்றாலே வைக்கோல் தொப்பியும் கிழிந்த உடுப்பும் மாட்டிவிடுகிறார்கள். மலைக்காரர்களைக் கேலி செய்யப் பிறர் உண்டாக்கிய வேஷம் அது. பிள்ளைகள் பள்ளிச் சீருடையிலேயே பாடட்டும்.