கேளுங்க சொல்றோம்: மதியச் சாப்பாட்டுக்கு பிரேக் எடுக்குற போலி அக்கவுண்ட்

சோஷியல் மீடியாவுல ஒரே விஷயத்தை நூறு பேர் ஒரே நாள்ல கொதிச்சுப் போய் போடுறாங்க. இது நிஜமாவே மக்களோட கோபமா, இல்ல எவனோ பின்னாடி உக்காந்து செய்ற வேலையா? எப்படிங்க கண்டுபிடிக்கிறது?
– பேர் வேண்டாம்னு சொன்ன வாசகி

என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தா கண்டுபிடிக்கவே முடியாதுங்க, ஏன்னா பாதி நேரம் அதுல உண்மையும் கலந்திருக்கும். எப்படி போடுறாங்கன்னு பாருங்க. நிஜமா கோபம் வந்தவங்க ஆளுக்கு ஒரு மாதிரி திட்டுவாங்க, எழுத்துப்பிழை கூட ஆளுக்கு ஒண்ணா இருக்கும். அதே பிழை, அதே இடத்துல, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாத இருபது அக்கவுண்ட்ல வருதுன்னா அங்க நின்னு பாக்கணும்.

2023 ஆகஸ்ட்ல ஃபேஸ்புக்கை நடத்துற மெட்டா கம்பெனி சீனாவுல இருந்து நடந்த 'ஸ்பாமுஃப்ளாஜ்'ங்கிற பிரச்சாரத்தோட 7,704 ஃபேஸ்புக் அக்கவுண்ட்டையும் 954 பேஜையும் தூக்குச்சு. அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா டைம்தான். பெய்ஜிங் நேரப்படி காலைல ஒரு ரவுண்டு பதிவு, மதியச் சாப்பாட்டுக்கு கேப், அப்புறம் ஒரு ரவுண்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு கேப், மறுபடி ஒரு ரவுண்டு, அப்படியே ஷிஃப்ட் வேலை! வேற வேற நாட்டு ஆளுங்க மாதிரி வேஷம் போட்டவங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல பசிச்சிருக்கு பாருங்க.

ஆனா ஒரு அடையாளத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. நிஜ ஆளுங்களும் காப்பி பேஸ்ட் பண்றவங்கதானே. ஒரே வாசகம், ஒரே டைம், ஒரே வாரத்துல ஆரம்பிச்ச அக்கவுண்ட்டுங்கன்னு மூணு நாலு சேர்ந்து வந்தா சந்தேகப்படலாம்.

புரொஃபைல் போட்டோவை வச்சு சொல்ல முடியாதா?
– அவசரக்காரன்

முன்னாடி ஓரளவு முடிஞ்சுது. கம்ப்யூட்டர் உருவாக்குன பழைய மாடல் முகங்கள்ல கண்ணு ரெண்டும் எல்லா போட்டோலயும் ஒரே இடத்துல நிக்கும், காது கம்மல் ஜோடி சேராது. இப்ப வர்ற படங்கள்ல அந்த வித்தை எடுபடுறதில்ல.

எவனோ எங்கயோ உக்காந்து பதிவு போட்டா தெருவுல சண்டை வந்துடுமா சார்? கொஞ்சம் ஓவரா பயமுறுத்துறாங்கன்னு தோணுது.
– சந்தேகப் பேர்வழி

தெருவுல வந்திருக்குங்க. 2016 மே 21, அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரம், அங்க ஒரு இஸ்லாமிய மையத்துக்கு வெளிய ரெண்டு கூட்டம். ஒரு பக்கம் 'ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்'ங்கிற ஃபேஸ்புக் பேஜ் கூப்பிட்டு வந்தவங்க, டெக்சாஸ் இஸ்லாம்மயம் ஆகுதுன்னு கத்துறாங்க. எதிர்ல 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா'ங்கிற பேஜ் கூப்பிட்டு வந்தவங்க. அதே நாள், அதே இடம், அதே நேரம். நடுவுல போலீஸ். ரெண்டு பேஜையும் நடத்துனது ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்த 'இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி'ங்கிற ஒரே ஆபீஸ்! விளம்பரச் செலவு சுமார் 200 டாலர்தான்னு 2017 நவம்பர்ல அமெரிக்க செனட் விசாரணைல சொன்னாங்க. கூட்டத்துக்கு வந்தவங்க யாரும் போலி கிடையாது, அவங்க கோபமும் போலி கிடையாது, கூப்பிட்டவன் மட்டும்தான் போலி.

நீங்க கேட்டதுலயும் நியாயம் இருக்கு. அந்த ஆபீஸோட பதிவுகள் 12 கோடியே 60 லட்சம் பேர் வரைக்கும் போயிருக்கலாம்னு ஃபேஸ்புக் சொன்னப்ப எல்லாரும் ஆடிப்போயிட்டாங்க. ஆனா 2023ல 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழ்ல வந்த ஆய்வு ட்விட்டரை எடுத்துப் பாத்துச்சு. அந்த ஆய்வுல இருந்தவங்க பார்த்த ரஷ்யப் பதிவுகள்ல 70% வெறும் 1% பேர் கண்ணுலதான் பட்டிருக்கு, பாத்ததால மனசு மாறுனதுக்கு தடயமும் கிடைக்கல. கண்ணுல பட்டதெல்லாம் மண்டைல ஏறாதுல்ல.

இவங்க பவரை பெருசா காட்டுறதே ஒரு தந்திரம்ங்க. 2018 நவம்பர்ல அமெரிக்க இடைக்காலத் தேர்தல் நேரத்துல, எங்க கையில எத்தனை இன்ஸ்டாகிராம் அக்கவுண்ட் இருக்கு பாருன்னு அந்த ரஷ்ய ஆபீஸ் பேருல ஒரு லிஸ்ட் வெளிய வந்துச்சு. அதுல பெரும்பாலானதை ஃபேஸ்புக் கம்பெனி ஏற்கனவே பிளாக் பண்ணியாச்சு! வேஷம் கலைஞ்ச பிறகும் பயத்தை வச்சு ஒரு ஆட்டம்.

நான் என்ன கருத்து போட்டாலும் 'நீ பாட் (கம்ப்யூட்டரே ஓட்டுற போலி அக்கவுண்ட்), எவ்ளோ வாங்குன'ன்னு ஒருத்தன் வர்றான். என்ன பண்றது?
– காசே வாங்காதவன்

உங்களுக்கு கம்பெனி குடுக்க ஆள் இருக்கு. 2018ல பிரிட்டன்ல அரசாங்கத் தரப்பே ஒரு ட்விட்டர் அக்கவுண்ட்டை ரஷ்ய பாட்னு சொல்லிடுச்சு, அந்த மனுஷன் நேரா டிவி சேனல்ல வந்து உக்காந்து நான் ரத்தமும் சதையுமான ஆளுதாங்கன்னு பேசிட்டுப் போனாரு. நமக்குப் பிடிக்காததைச் சொல்றவன் எல்லாம் கூலிக்காரன்னு ஊரே நம்ப ஆரம்பிச்சிட்டா போலி அக்கவுண்ட் நடத்துறவனுக்கு பாதி வேலை மிச்சம். உங்களை பாட்னு சொல்றவனுக்கு பதில் சொல்லாதீங்க, மியூட் பண்ணிட்டுப் போங்க.

சித்தப்பா தினமும் ஃபேமிலி குரூப்ல ஏதாவது 'நியூஸ்' லிங்க் போடுறாரு. பாத்தா பெரிய பத்திரிகை மாதிரியே இருக்கு, விஷயம் மட்டும் விவகாரமா இருக்கு.
– குரூப் அட்மின், வேற வழியில்லாம

முதல்ல மேல இருக்குற அட்ரஸைப் படிங்க. 2022ல வெளிச்சத்துக்கு வந்த 'டாப்பல்கேங்கர்'ங்கிற ரஷ்யப் பிரச்சாரம் ஜெர்மனியோட ஸ்பீகல், பிரிட்டனோட கார்டியன் மாதிரி பத்திரிகைகளோட பக்கத்தை லோகோ, எழுத்து, மெனு எல்லாம் அப்படியே நகல் எடுத்துச்சு. மெனுவைத் தொட்டா அசல் பத்திரிகைக்கே போகும், அவ்வளவு நேர்த்தி. அட்ரஸோட வால் மட்டும் வேற, ஸ்பீகலுக்கு 'டாட் டிஇ' (.de)ன்னு இருக்க வேண்டிய இடத்துல 'டாட் எல்டிடி' (.ltd). 2024 செப்டம்பர்ல அமெரிக்க நீதித்துறை இந்த மாதிரி 32 அட்ரஸைப் பறிமுதல் பண்ணுச்சு.

ஃபேஸ்புக் பேஜா இருந்தா 'பேஜ் டிரான்ஸ்பரன்சி'ன்னு ஒரு இடம் இருக்கு, அந்தப் பேஜ் எப்ப ஆரம்பிச்சுது, எத்தனை தடவை பேர் மாத்துச்சு, நடத்துறவங்க எந்த நாட்டுல இருக்காங்கன்னு பாத்துடலாம். பூனைப் படம் போட்டுட்டு இருந்த பேஜ் திடீர்னு 'மக்கள் குரல்'னு மாறியிருந்தா புரிஞ்சுக்கோங்க. ரிப்போர்ட் பண்றதுக்கு முன்னாடி லிங்க், தேதி, நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, பதிவை அழிச்சிட்டா கையில ஒண்ணும் மிஞ்சாது. பாருங்கடா பொய்யைன்னு திட்டி ஷேர் பண்ணாதீங்க, திட்டுனாலும் அல்காரிதம் அதை இன்னும் நாலு பேருக்குக் காட்டும்.

சித்தப்பாவை குரூப்ல வச்சு திருத்தாதீங்க, அத்தனை பேர் முன்னாடி சொன்னா மானப்பிரச்சனை ஆகி நாளைக்கு ரெண்டு லிங்க் சேத்துப் போடுவாரு. சாயங்காலமா தனியா போன் போட்டு, 'சித்தப்பா, அந்த லிங்க்ல கடைசி மூணு எழுத்தைக் கொஞ்சம் படிச்சு சொல்லுங்களேன்'னு கேளுங்க.