மூக்கு நீண்ட கெட்டிலும் போர் தண்ணீரும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மகன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த கூஸ்நெக் கெட்டில், வாத்துக் கழுத்து போல மூக்கு வளைந்து நீண்ட கரண்ட் கெட்டில். எட்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது 96 டிகிரி என்று காட்டுகிறது, ஆனால் ஃபில்டரில் ஊற்றினால் டிகாக்‌ஷன் வெளுத்துப் போய் இறங்குகிறது. சில நாள் கொதிக்கும் முன்பே அணைந்துவிடுகிறது. வெள்ளை வெள்ளையாய்த் துகள் மிதக்கிறது. ஊற்றினால் மூக்கின் அடியில் வழிந்து மேடையெல்லாம் ஈரம். கடையில் காட்டினால், “எலிமெண்ட் போச்சு, புதுசு வாங்கிக்கங்க” என்கிறார்கள். தூக்கிப் போட மனம் வரவில்லை ஐயா.
– வாசகி, வேதாரண்யம்

பதில்: தூக்கிப் போடாதீர்கள் அம்மா. எலிமெண்ட் போயிருந்தால் சூடே ஏறாது. உங்கள் கெட்டிலில் சூடு ஏறுகிறது, அது தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாக இருக்கும்.

மயிலாடுதுறையில் இருபத்தெட்டு வருடமாக மிக்ஸி, கிரைண்டர், கெட்டில் பார்க்கிறேன். முதலில் வந்த இந்த மாதிரிக் கெட்டிலை நானும் எலிமெண்ட் போச்சு என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பினேன். அந்த வீட்டில் புதிது வாங்கிவிட்டு, பழையதை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் சும்மா கழுவிப் பார்த்தேன், வேலை செய்தது. அந்த அம்மாவுக்கு வீண் செலவு வைத்துவிட்டேனே என்று இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இதை நீட்டி எழுதுகிறேன்.

நம் கடலோரத்துப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பார்த்திருப்பீர்கள். குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கிற கால்சியம், மெக்னீசியம் உப்பு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தரநிலை. அந்தக் கடினத்தில் ஒரு பகுதி, தண்ணீர் சூடானதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். சூட்டை அளக்கிற சென்சாரும் பெரும்பாலும் அதே அடித்தட்டில்தான் இருக்கிறது. உப்புப் படிவுக்குக் கீழே தட்டு கொதிக்கும், மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சென்சார் தட்டைப் பார்த்து 96 என்கிறது. தட்டு இன்னும் சுட்டால், தண்ணீரே இல்லை என்று நினைத்துப் பாதுகாப்பு ஸ்விட்ச் அணைத்துவிடும். மூக்கின் நுனியில் அதே உப்பு படிந்து சொரசொரப்பானதால்தான் தண்ணீர் பின்பக்கமாக வழிகிறது.

மருந்து மளிகைக் கடையிலேயே இருக்கிறது. எலுமிச்சை உப்பு, அல்லது சிட்ரிக் ஆசிட் என்று கேளுங்கள். கெட்டிலில் மேல்கோடு வரை தண்ணீர் ஊற்றுங்கள். கோடு வரை ஊற்றுவதற்குக் காரணம் உண்டு. இந்த மூக்கு, பழைய வீடுகளில் இருந்த கெண்டியின் மூக்கு போல, உடம்பின் கீழ்ப்பக்கத்திலிருந்து கிளம்புகிறது. உள்ளே எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கிறதோ அவ்வளவு உயரம் மூக்கிலும் நிற்கும், அங்கேயும் மருந்து வேலை செய்யும். லிட்டருக்கு மூன்று டீஸ்பூன் எலுமிச்சை உப்பைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டுவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் பொங்கி மேலே தெறிக்கும். 70 டிகிரி வைத்துச் சூடாக்கி, அணைத்து, அரை மணி நேரம் விடுங்கள். நுரை கிளம்பும், அதுதான் அடியில் படிந்த படிவு கரைகிற அடையாளம். அப்புறம் மூக்கு வழியாகவே மெல்ல ஒரு பாத்திரத்தில் ஊற்றி, திரும்ப உள்ளே விட்டு, இன்னொரு தடவை ஊற்றுங்கள். நுனியை அந்தத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கடைசியாக நல்ல தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்துக் கீழே கொட்டிவிடுங்கள். படிவு தடித்திருந்தால் மறுநாள் இன்னொரு தடவை.

கம்பி நார் போடாதீர்கள், பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். பித்தளைக்குப் போடுகிற பழக்கத்தில் புளியும் வேண்டாம், சக்கை மூக்கின் அடியில் போய் அடைத்துக்கொள்ளும். இனிமேல் கொள்ளிடம் குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். போர் தண்ணீர்தான் என்றால் மாதம் ஒரு தடவை இந்த வைத்தியம்.

கேள்வி: காலையில் நாலு நிமிடத்துக்குள் கொதிக்கிறது. கோடையில் சாயங்காலம் ஆறு நிமிடம் ஆகிறது. கெட்டில் பழுதா?
– வாசகர், திருவாரூர்

பதில்: மின்சாரம் குறைகிறது தம்பி. 230 வோல்ட்டில் 1000 வாட் இழுக்கிற கெட்டில், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 610 வாட்தான் இழுக்கும். வோல்ட் குறைந்தால் வாட் அதன் வர்க்கத்தில் விழும். இதனால் எலிமெண்ட் கெடாது, இதற்காக ஸ்டெபிலைசர் வாங்காதீர்கள். பிளக் கை வைக்க முடியாமல் சுட்டால் மட்டும் அது வேறு விஷயம், சாக்கெட்டில் லூஸ் கனெக்‌ஷன். உடனே மாற்றுங்கள்.

கேள்வி: டிகிரி காபிக்குக் கெட்டிலில் எத்தனை டிகிரி வைப்பது? அதிலேயே பாலும் காய்ச்சலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த டிகிரி, லாக்டோமீட்டரில் பார்த்த பாலின் தரத்தைச் சொல்வது என்பார்கள், சூட்டை அல்ல. பித்தளை ஃபில்டருக்கு 100 வையுங்கள். டெல்டா கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால் இங்கே 100க்குத்தான் கொதிக்கும். (கொடைக்கானலில் 93 பக்கம் வந்ததுமே கொதித்துவிடும், 100 வைத்தால் கெட்டில் எட்டவே எட்டாது.) கொதித்து அணைந்ததும் அரை நிமிடம் பொறுத்து, பொடி நனைகிற அளவுக்கு மட்டும் சுற்றிலும் ஊற்றுங்கள். கொஞ்சம் விட்டு மீதியை நூல் போல ஊற்றுங்கள். செம்பிலிருந்து கொட்டுவதைவிட பொடி ஒரே சீராக நனையும், டிகாக்‌ஷன் கெட்டியாக வரும். கிரீன் டீக்கு 80 போதும்.

பால் மட்டும் கூடவே கூடாது. அடித்தட்டில் தீய்ந்து ஒட்டும், பொங்கி கீழே இணைப்பில் இறங்கும், மூக்குக்குள் தங்கிப் புளிக்கும். அந்த மூக்குக்குள் பிரஷ் நுழையாது அம்மா. பால் காய்ச்சிய கெட்டில் மூன்று என்னிடம் வந்தன, ஒன்றிலும் வாடை போகவில்லை.